வெயிலில் கழன்று விழாத கொட்டாப்புளி

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மார்கழியில் ஏற்காட்டில் உங்கள் மாமாவின் எஸ்டேட்டில் கிடைத்த சில்வர் ஓக் துண்டை எடுத்துவந்து, உளியைத் தட்டும் மரச்சுத்தியான கொட்டாப்புளி செய்தீர்கள். தலையில் வட்டமாகத் துளையிட்டு, உருண்டைக் காம்பை இறுக்கமாகச் செருகினீர்கள். பங்குனி பிறந்ததும் சேலம் அழகாபுரத்து மொட்டைமாடிப் பட்டறையில் உளியைத் தட்டும்போது தலை கழன்று விழுந்தது. பெவிகால் ஊற்றினீர்கள், இரண்டு வாரம் தாங்கியது. குறுக்கே ஆணி அடித்தீர்கள், இப்போது தலையில் கீறல் விட்டிருக்கிறது. எந்த மரம் எடுப்பது, காம்பை எப்படிப் பொருத்துவது, கழிவு மரத்தில் செய்வது வீண் வேலையா, கடையில் ரப்பர் சுத்தி வாங்கிவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

கழிவு மரத்திலேயே செய்யுங்கள். ரப்பர் சுத்தி டைல்ஸ் பதிக்கிறவர்களுக்கு நல்ல கருவி. உளியைத் தட்டினால் துள்ளும், அடியின் வேகத்தில் ஒரு பகுதி உங்கள் மணிக்கட்டுக்கே திரும்பி வரும். இரும்புச் சுத்தி உளிப்பிடியைப் பிளந்துவிடும். மரத்தை மரத்தால் தட்டுவதுதான் தச்சு வேலையின் பழைய முறை. அதற்கு இன்று வரை மாற்று வரவில்லை என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கொட்டாப்புளி கழன்றதற்கு மரத்தைவிடத் துளையின் வடிவமே முக்கியமான காரணம். அதைப் புரிந்துகொள்ள மலைக்கும் ஊருக்கும் இடையில் மரம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் அங்கே திறந்த கொட்டகையில் கிடக்கும் பலகை தன் எடையில் 16 முதல் 18 சதவீதம் வரை ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். தொட்டால் காய்ந்தது போலத்தான் தெரியும். அதே பலகை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு வந்து, பங்குனி சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தால் ஈரம் 8, 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஈரம் போனால் மரம் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். நாருக்குக் குறுக்கேதான் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும்.

இப்போது உங்கள் துளையை நினைத்துப் பாருங்கள். தலையின் நார் ஓர் அடிமுகத்திலிருந்து (உளியில் அடி படும் முகம்) மறு அடிமுகத்துக்கு ஓடுகிறது. காம்பின் நார் அதற்குச் செங்குத்தாக நிற்கிறது. காம்பு தன் அகலத்தில் மெலிகிறது. துளையோ தலையின் நீளவாக்கில் அப்படியே இருக்கிறது. உளியைத் தட்டும்போது அடி விழும் திசையும் அதுவே. ஆகவே எந்தத் திசையில் பிடிப்பு வேண்டுமோ, அந்தத் திசையில்தான் இடைவெளி விழுந்திருக்கிறது. பெவிகால் ஒட்டக்கூடிய பரப்பில் கணிசமான பகுதி தலையின் வெட்டுமுகம், அதாவது நார் குறுக்கே அறுபட்ட முகம். வெட்டுமுகம் பசையைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பு நிற்காது. ஆணி அடித்தது அதைவிடத் தீங்கு. மரம் சுருங்க விரும்புகிறது, ஆணி விடமாட்டேன் என்கிறது, நடுவில் கிழிவது மரம்.

துளையை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் எடுத்து, அதே சாய்வில் செதுக்கிய காம்பை மேலிருந்து இறக்குவதுதான் தீர்வு. குந்தாலிக்கு, அதாவது பிக்காசுக்கு, காம்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். வீசும் ஒவ்வொரு முறையும் தலை வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். அங்கே காம்பு அகலமாக இருப்பதால் ஓட ஓட இறுகும். பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். மரம் சுருங்கினால் காம்பு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும், அவ்வளவுதான்.

எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். நான் பரிந்துரைக்கும் அளவில் காம்பின் அகலம் தலையின் மேல்மட்டத்தில் 38 மில்லிமீட்டர், அடிமட்டத்தில் 32. தலையின் உயரம் 100 மில்லிமீட்டர். அதாவது 100 மில்லிமீட்டர் இறங்குவதற்குள் 6 மில்லிமீட்டர் குறைகிறது. ஈரம் 16 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கினால், இந்த அகலத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும். அதை ஈடுகட்டக் காம்பு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். எனவே முதலில் பொருத்தும்போது காம்பின் தலைப்பு மேலே 15 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அழகுக்காக அதைச் சமமாக அறுத்துவிட வேண்டாம். கோடையில் அது இறங்குவதற்கு இடம் வேண்டும், தட்டி இறுக்குவதற்கும் அதுதான் உதவும்.

இனி மரத்துக்கு வருவோம். 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரம், 7 செ.மீ. தடிமன் உள்ள தலையில் துளையும் முகச்சாய்வும் போக மிஞ்சுவது சுமார் 900 கன செ.மீ. மரம். வைரம் பாய்ந்த புளியமரமாக இருந்தால் தலை மட்டும் 800 கிராமைத் தொடும். கருவேலம் 700 கிராம் அளவில் இருக்கும். தேக்கு 600 கிராமுக்குப் பக்கம், சில்வர் ஓக் சுமார் 500, பெட்டி அடிக்கும் பைன் மரம் 400 முதல் 450. துளை பொளிக்கும் வேலைக்குத் தலை 600 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. குறைந்தால் கையை வேகமாக வீச வேண்டியிருக்கும், குறி தவறும். அதனால் சில்வர் ஓக்கை மட்டும் நம்பிச் செய்த தலை உங்களுக்கு எப்போதும் குறையாகவே தோன்றியிருக்கும். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, காபிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறுவதற்கும் எஸ்டேட்டுகளில் வளர்க்கப்படும் மரம். பலகைக்கும் பெட்டிக்கும் நல்லது, அடி வாங்குவதற்கு மென்மை.

சேலத்தில் நல்ல மரம் தேடி அலைய வேண்டியதில்லை. குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது நிலை, விட்டம், ஜன்னல் சட்டம் எல்லாம் வெளியே வருகின்றன. வேங்கை, வேம்பு, தேக்கு எதுவும் கிடைக்கலாம், எல்லாமே பல ஆண்டுகள் இந்த ஊர் வெயிலில் காய்ந்து பழகிய மரம். இறைச்சிக் கடைக்காரர் தூக்கிப் போடும் வெட்டுக்கட்டை பெரும்பாலும் புளிய மரமாகத்தான் இருக்கும். மேல்பக்கம் குழிந்து போயிருந்தாலும் அடிப்பாகம் அருமையான சரக்கு. ஓமலூர், சங்ககிரிப் பக்கம் ஏதாவது கிராமத்தில் உடைந்த மாட்டுவண்டிச் சக்கரம் கிடந்தால் விடாதீர்கள். வட்டையும் (சக்கரத்தின் விளிம்புக் கட்டை) ஆரக்காலும் கருவேலமாக இருந்தால் வட்டையிலிருந்து தலை, ஆரக்காலிலிருந்து காம்பு என்று இரண்டும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். காம்புக்கு எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஆரக்கால்தான். நேராகப் பிளந்து செதுக்கிய மரம் என்பதால் நார் முனையிலிருந்து முனை வரை அறுபடாமல் ஓடும். மலையில் இருப்பவர்களுக்குக் கொய்யாக்கிளை இருக்கிறது, பிடுங்கிப் போட்ட முதிய காபிச் செடியின் தண்டும் இருக்கிறது. இரண்டும் கெட்டி, இரண்டும் காம்புக்கு ஏற்றவை. தலைக்கு மட்டும் அவற்றில் பருமன் போதாது.

தொழிற்சாலைகளிலிருந்து வரும் பைன் பெட்டிப் பலகை எடுத்தால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, நடுமரம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்தது, பயமில்லை. எம்.பி. (MB) என்றிருந்தால் மெதில் புரோமைடு புகையூட்டியது, வீட்டுப் பட்டறைக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை, மலைப்பாதையில் ஒடிந்து கிடக்கும் மரம்தானே என்று காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்துவராதீர்கள். விழுந்த மரமும் சட்டப்படி வன விளைபொருள்தான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சந்தன மரம் வளரும் மலை, அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஈட்டி மரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எஸ்டேட் மரம் என்றால் உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள்.

எந்தக் கழிவு மரமானாலும் அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்த ஆணி இருந்தால், மரத்தைச் சீவும் இழைப்புளியின் பல் போய்விடும். உளுத்த தூள் கொட்டும் வெள்ளைப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள், வைரப் பகுதி மட்டும் போதும். வட்டக் கட்டையாக இருந்தால் நடுப்புள்ளி தலைக்குள் வராதபடி ஒதுக்கி அறுக்க வேண்டும். அது உள்ளே இருந்தால் இன்றில்லாவிட்டாலும் ஒரு கோடையில் அங்கிருந்து கீறல் கிளம்பும். மலையிலிருந்து வந்த மரமாக இருந்தால் வெட்டுமுகங்களில் பெயின்டோ மெழுகோ பூசி, இடையில் குச்சி வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். மொட்டைமாடி வெயிலில் நேராகப் போட்டால் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து வெடித்துவிடும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள மீட்டர் வாங்க வேண்டாம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு, பலகையின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் உங்கள் பட்டறைக் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள்.

செய்முறையில் நான் மூன்றடுக்குத் தலையையே சொல்வேன். ஒரே கட்டையில் 10 செ.மீ. ஆழத்துக்குச் சாய்வுத் துளை பொளிப்பது பழகிய கைக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை. கையில் கொட்டாப்புளியே இல்லாதவர் அதை எதைக் கொண்டு தட்டுவது? மூன்று பலகைகளை ஒட்டினால் துளையை உளியால் குடைய வேண்டியதில்லை. நடுப்பலகையை இரண்டு துண்டாக்கி, இடையில் காம்புக்கு இடம் விட்டு ஒட்டினால் துளை தானாக உருவாகிவிடும். கழிவு மரத்தில் பெரிய கட்டை கிடைப்பது அரிது, பலகைத் துண்டு எளிதாகக் கிடைக்கும் என்பதும் இதற்குச் சாதகம்.

முதலில் காம்பைச் செய்யுங்கள். மொத்த நீளம் 36 செ.மீ., தடிமன் 22 மில்லிமீட்டர். முக்கியமான விஷயம், காம்பையும் நடுப்பலகையையும் ஒரே பலகையிலிருந்து அறுத்து எடுங்கள். தடிமன் இரண்டிலும் ஒன்றாக இருக்கும், பிறகு காம்பின் பக்கவாட்டில் இழைப்புளியை இரண்டு தரம் ஓட்டினால் அது துளைக்குள் தடையின்றி இறங்கும். மேல்முனையிலிருந்து 15 மில்லிமீட்டர் விட்டு, அடுத்த 100 மில்லிமீட்டரில் அகலம் 38லிருந்து 32க்கு இறங்கும்படி இரண்டு பக்கமும் மும்மூன்று மில்லிமீட்டர் கோடு போட்டு இழையுங்கள். அந்தச் சாய்வு நேர்க்கோடாக இருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். அதற்குக் கீழே பிடிப்பகுதி எங்கேயும் 32 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் துளை வழியே இறங்காது.

அடுத்து ஒரு வெளிப்பலகையைக் கிடத்துங்கள். மூன்று பலகைகளிலும் நார் ஒரே திசையில், அடிமுகத்திலிருந்து அடிமுகத்துக்கு ஓட வேண்டும். ஒன்றைத் திருப்பி ஒட்டினால் சுருங்கும் போது பசையே பிய்ந்துவிடும். பலகையின் நடுவில் கோடு போட்டு, காம்பை அதன் மேல் கிடத்தி, சாய்வை இருபுறமும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். நடுத்துண்டுகளின் முனையை அந்தக் கோட்டுக்கு அறுத்து, இழைத்து, காம்போடு ஒட்டி வைத்துப் பாருங்கள். இடுக்கு வழியே வெளிச்சம் தெரியாத வரை இழையுங்கள். அவசரப்படக் கூடாத ஒரே இடம் இதுதான். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கொட்டாப்புளி வேலை செய்யும், இந்த இரண்டு சாய்வு முகங்களும் பொருந்தாவிட்டால் செய்யாது.

பொருந்தியதும் காம்பில் மெழுகு தேய்த்து நடுவில் வையுங்கள். நடுத்துண்டுகளுக்கு அடியில் பசை தடவி, காம்பை ஒட்டி இருபுறமும் அழுத்தி வைத்து, சி கிளாம்ப்பால் இறுக்குங்கள். பசை ஈரத்தில் துண்டுகள் வழுக்கி நகரும். அதைத் தடுக்க, வெளிப்பலகையில் இரண்டு சிறிய ஆணிகளைப் பாதி இறக்கி, கொண்டையைக் குறடால் நறுக்கிவிட்டு, மீதமுள்ள முள்ளில் நடுத்துண்டைக் குத்தி உட்காரவைக்கலாம். பின்னால் அறுக்கப்போகும் முனைகளுக்கு அருகில் அந்த முள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்துக் காம்பை உருவி எடுத்து, பிதுங்கிய பசையை ஒரு மரச்சிம்பால் வழித்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு வெளிப்பலகையை ஒட்டுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் ஒட்டுகிறவர்கள் உண்டு. துளைக்குள் பசை எங்கே வழிகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. தேக்கு போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரமாக இருந்தால், ஒட்டுவதற்குச் சற்று முன் இழைத்த முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். பசை முழுப்பலம் பெற 24 மணி நேரம் விடுங்கள்.

உங்களிடம் இருக்கும் சில்வர் ஓக்கை இங்கே வீணாக்காமல் பயன்படுத்தலாம். வெளிப்பலகைகள் கருவேலமாகவோ வேங்கையாகவோ இருக்கட்டும், நடுப்பலகை மட்டும் சில்வர் ஓக்காக இருந்தால் கெடுதல் இல்லை. காம்புக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள். அந்த ஒரு இடத்தில் ஒரே பலகை என்ற விதியை விட்டுவிட்டு, கெட்டி மரத்தை நடுத்துண்டின் தடிமனுக்கு இழைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டியது காய்ந்ததும் அடிமுகங்களை அறுக்க வேண்டும். மூலைமட்டம் வைத்து நேராக அறுத்தால் அடிக்கும்போது முகத்தின் ஒரு விளிம்புதான் உளிப்பிடியில் படும், ஏனென்றால் கை வீசுவது வட்டப் பாதையில். இரண்டு முகங்களும் காம்புப் பக்கம் குறுகி வரும்படி ஒவ்வொன்றிலும் 5 டிகிரி சாய்வு கொடுங்கள். 10 செ.மீ. உயரத்துக்கு அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வரும். முழங்கையை மட்டும் அச்சாக வைத்துக் கணக்கிட்டால் இன்னும் அதிகமாக வரும். ஆனால் தோளும் சேர்ந்து அசைவதால் நடைமுறையில் 5 டிகிரி சரியாக இருக்கிறது. கோட்டைச் சுற்றிலும் கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டு அறுத்தால் விளிம்பு சிம்பு சிம்பாகப் பெயராது. பிறகு விளிம்புகள் எல்லாவற்றையும் 5 மில்லிமீட்டர் சாய்வாகச் சீவிவிடுங்கள். கூர் விளிம்போடு விட்டால் முதல் வாரத்திலேயே வெட்டுமுகம் உதிரத் தொடங்கும். காம்பின் பிடியில் நான்கு மூலைகளையும் சீவி எட்டுப் பட்டையாக்குங்கள். முழு உருண்டையாக்க வேண்டாம். பட்டை இருந்தால் பார்க்காமலேயே முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும்.

பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஒருமுறை தடவினால் போதும். வார்னிஷ் அடித்தால் வியர்த்த கையில் வழுக்கும். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானே தீப்பற்றக்கூடியது, சேலத்துக் கோடையில் தகரக் கூரைக்குள் சொல்லவே வேண்டாம். விரித்து வெளியில் உலர்த்திவிட்டுப் பிறகு குப்பையில் சேருங்கள்.

பொருத்தும்போது காம்பை மேலிருந்து இறக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் தலைப்பை இன்னொரு கட்டையால் இரண்டு தட்டு தட்டுங்கள். கோடையில் தளர்ந்ததாகத் தோன்றினால், கொட்டாப்புளியைத் தலைகீழாகப் பிடித்து அந்தத் தலைப்பைப் பட்டறைப் பலகையில் தட்டினாலே இறுகிவிடும். கழற்ற வேண்டுமென்றால் காம்பின் அடிமுனையைத் தரையில் ஓங்கிக் குத்துங்கள், தலை கையோடு வந்துவிடும். மழைக்காலத்தில் ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால் போகும் முன் ஒருமுறை இப்படித் தளர்த்திவிடுங்கள். இறுகிய காம்பு ஈரத்தில் உப்பினால் தலையைத்தான் நெருக்கும்.

கடைசியாக, இப்போது கீறல் விட்டிருக்கும் உங்கள் பழைய தலை. ஆணியைப் பிடுங்கிவிட்டுக் கீறல் எங்கே போகிறது என்று பாருங்கள். துளையிலிருந்து அடிமுகம் வரை போயிருந்தால் அது கொட்டாப்புளியாக இனி நிற்காது. கீறலோடு பிளந்து இரண்டு பக்கமும் நல்ல மரத்தை மீட்டு, மேலே சொன்ன நடுப்பலகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் துளையின் ஓரத்தோடு நின்றிருந்தால், அந்த வட்டத் துளையையே மேல்பக்கம் உளியால் அகட்டி 38 மில்லிமீட்டர் நீளச்சதுரமாகவும் கீழே 32 ஆகவும் ஆக்கி, கருவேலக் காம்பு ஒன்றை இறக்கிப் பாருங்கள். கனமான பொளிப்பு வேலைக்குப் போதாது. ஆனால் சட்டங்களைக் கோக்கும்போது மூட்டுகளைத் தட்டி உட்காரவைக்க அந்த மென்மையான சில்வர் ஓக் முகம்தான் ஏற்றது, தேக்கின் மேல் தட்டினாலும் தழும்பு விழாது.